காயங்கள் வரைந்த வரைபடம்

நாயாற்றுக் களப்பில் வீச்சுவலை எறிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு தண்ணியில் அசையாமல் நிற்பார்கள். ஓரிடத்தில் தண்ணி லேசாகச் சுழிக்கும். அடுத்த கணம் வலை விரிஞ்சு அந்த இடத்திலேயே விழும். பக்கத்தில் குளிக்கிற சின்னப் பிள்ளையின் கண்ணிலும் அதே சுழிப்புத்தான் படுகிறது. ஆனால் பிள்ளை அதைக் கவனிக்காது. ஏன்?

மீன் வேணும் என்ற நோக்கம் பிள்ளையிடம் இல்லை. அதுதான் வித்தியாசம். எங்கட மூளையைப் போர்த்தியிருக்கிற மேற்பட்டை 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதன் பிடரிப்பக்கம் கண் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்கிறது. உச்சிப்பக்கம் அந்தப் பொருள் கைக்கு எவ்வளவு தூரம் என்று கணிக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி நோக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எதைக் கவனிக்கிறது, எதை விடுகிறது என்பதையும் அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இயக்கப் பகுதியின் கட்டளை முள்ளந்தண்டு வழியாகக் கைக்கு இறங்குகிறது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த வரைபடம் இருக்கும். அது வந்த கதை இருக்காது. அந்தக் கதையில் போருக்குப் பெரிய பங்கு இருக்கு.

1904–05 ரஷ்ய–யப்பான் போரில் ரஷ்யத் துப்பாக்கிகளின் சிறிய குண்டுகள் மண்டையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயின. பல சிப்பாய்கள் உயிர் தப்பினார்கள். ஆனால் பார்வையில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. ஓய்வூதியம் குடுக்கிறதுக்காக அந்த இழப்பை அளக்க வந்தவர் தற்சுஜி இனோயே என்ற கண் மருத்துவர். குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் வைத்து அது போன பாதையைக் கணக்கிட்டார். எந்த இடம் சேதமானால் பார்வையின் எந்தப் பகுதி போகிறது என்று 1909இல் வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா தலையில் காயப்பட்ட சிப்பாய்களைக் கவனித்தார். நெற்றிப்பக்கம் கடுமையாகச் சேதமானவர்களில் சிலரிடம் "கையை அழுத்து" என்றால், அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்வார்கள், கை அழுத்தாது. காது கேட்கும், கையிலும் பலம் இருக்கும். சொல்லைச் செயலாக்குகிற இணைப்புத்தான் அறுந்திருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தவர் சைலஸ் வெயர் மிற்செல். இல்லாத உறுப்பு இருப்பதாகத் தெரிகிற உணர்வுக்கு 1871இல் 'ஆவி உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். அதுக்கு 120 வருசம் கழித்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கையில் தொட்டது போல அவர்கள் உணர்ந்தார்கள். மேற்பட்டையில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அயலட்டை. பிறகு ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கிற கையின் விம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரிய வைத்தார். கை போனாலும் "அசை" என்ற கட்டளை மூளையிலிருந்து போய்க்கொண்டே இருக்கு. அசைந்ததாகப் பதில்தான் வாறதில்லை. கண்ணாடி அந்தப் பதிலைக் கண் வழியாகக் குடுத்தது. எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு வலி குறைந்தது.

2009 மே வரை நடந்த போரிலும், பிறகு கண்ணிவெடிகளிலும் உறுப்பு இழந்தவர்கள் எங்கட ஊர்களில் வாழினம். "இல்லாத கால் உளையுது" எண்டு அவர்களில் ஒருவர் சொன்னால், நாங்கள் அதைப் பிரமை எண்டு தட்டிவிடக் கூடாது. கால் போயிட்டுது, மேற்பட்டையில் அதன் இடம் போகேல்லை. அந்த வலி உண்மை. எங்க, எப்பிடி உளையுது எண்டு இருந்து கேட்போம். கண்ணாடிப் பயிற்சி சரிவருமா எண்டு இயன்மருத்துவரிடம் அவரோடு சேர்ந்து போய் விசாரிப்போம். வேறொரு போரில் காயப்பட்ட ஆட்களிடமிருந்து உலகம் படித்த பாடம் இது. எங்கட ஆட்களுக்கும் அது வந்து சேர வேணும்.