கருச்சிதைவுக் கணக்கின் வரலாறு

இறப்புக் கணக்கை முறைப்பட ஆராய்ந்த நூல்களுள் யோன் கிரான்ற் என்பார் 1662இல் இலண்டனில் வெளியிட்டதே முன்னோடியாகும். அவர்தம் அட்டவணையின் முதல் வரியிற் சிதைந்த கருவும் இறந்து பிறந்த மகவும் ஒன்றாகவே அடங்கின. (முதலிடம் அகரவரிசையால் வாய்த்ததேயன்றி முக்கியத்துவத்தாலன்று.) இலங்கையில் 1951ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், 28 வாரம் கடந்தபின் உயிரின்றிப் பிறப்பதையே இறந்து பிறந்த மகவு என வரையறுத்தது. அதற்கு முன் அழிந்த கருவுக்கு அரசாங்க ஏட்டில் இடமில்லை.

கினிகத்தேனையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலோ வேறோர் ஏடு உண்டு. பெண்ணொருத்தி ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் அவளுக்கு ஒரு 'பேர்' விழும். கொழுந்தெடுக்க வாராத நாளில் பேர் இல்லை. வாராமைக்குக் காரணம் யாதென்பது அவ்வேட்டுக்கு வேண்டாததொன்று.

ஏடு கூறாததைத் தாய்மாரிடமே கேட்டறியலாம். 1975இல் இலங்கையில் நடந்த உலகக் கருவள ஆய்வு அவ்வழியே சென்றது. எனினும் பல்லாண்டுக்கு முன் இரண்டாம் மாதத்திற் கலைந்த கருவை எல்லோரும் நினைவிற் கொள்வரோ?

கிளினிக் பதிவைக் கொண்டு கணிப்பதிலும் ஒரு பொறி உளது. ஒருத்தி ஆறாம் வாரத்திற் பதிகிறாள். மற்றொருத்தி பதினாறாம் வாரத்தில். பின்னவள், சிதைவு மிகுந்த வாரங்களைத் தாண்டிய பின்னரே நம் கண்ணிற் படுகிறாள். அவளைப் போலத் தாமதித்துப் பதிவோர் மலிந்த தோட்டத்திற் சிதைவு குறைவாகத் தோன்றும். அதனை நலத்தின் அடையாளமெனக் கொள்வது பெரும் பிழை.

இப்பொறியை நீக்கியது, அக்காலத்திற் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான காவாயில் 1953 முதல் நடந்த ஆய்வு. பிரென்ச், பியர்மன் என்னும் இருவர் ஆயுள் அட்டவணை முறையைக் கருவுக்குப் பொருத்தினர். ஒவ்வொரு காலப்பிரிவிலும் அழிந்த கருக்களின் தொகையை, அப்பிரிவிற் கண்காணிப்பில் இருந்த கருக்களின் தொகையால் மட்டுமே வகுத்தனர். பதினாறாம் வாரத்திற் பதிந்தவள் அதற்கு முந்திய வாரங்களின் கணக்கிற் சேராள். இவ்வாறு பெற்ற வீதங்களைத் தொடுத்து, நான்காம் வாரத்தில் உயிரோடிருந்த 1000 கருக்களில் 237 அழியும் என 1962இல் வெளியிட்டனர். 1988இல் வில்கொக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரை நாடோறும் சோதித்து, தாயே அறியுமுன் 22 விழுக்காடு அழிவதைக் கண்டனர்.

கொழுந்துக் கூடையின் பாரமும் செங்குத்தான மலையேற்றமும் கருவைத் தாக்குமா என்னும் வினா கினிகத்தேனைக்கு உரியது. அதனை ஆராய்வோர் வேலையிலிருப்போரையும் இல்லாதோரையும் ஒரே கர்ப்பவாரத்தில் நிறுத்தி ஒப்பிடல் வேண்டும். ஆகவே பதிவேட்டில் முதலில் நோக்கற்பாலது, தாய் எத்தனையாம் வாரத்தில் வந்தாள் என்னும் பத்தியே.