1992: பட்லாவும் நாளைய விலையும்

காரமடைப் பக்கம் கறிவேப்பிலை பயிரிடுவோர், நாளை என்ன விலை போகும் என்பதை மழையையும் வரத்தையும் கொண்டு ஓரளவு கணித்துவிடுவர். பங்குச் சந்தையில் ஒரு பெருவீக்கம் உடைந்த பிறகு இத்தகைய கணிப்பு ஏன் கைகூடுவதில்லை? 1992-ஆம் ஆண்டின் வரலாற்றில் இதற்கு விடை காண்கிறோம்.

கோவைப் பங்குச் சந்தை 1991-இல்தான் அங்கீகாரம் பெற்றது. ஆலைகள் நிறைந்த கொங்கு நாட்டுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. எனினும் விலைகளின் போக்கைத் தீர்மானித்தது பம்பாயே. அங்கே ஹர்ஷத் மேத்தா என்னும் தரகர், வங்கிகளுக்கிடையே அரசுக் கடன் பத்திரங்கள் கைமாறும் வழியைப் பயன்படுத்தி, வங்கிப் பணத்தைப் பங்குகளுக்குத் திருப்பினார். ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு 9,000 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 22-இல் சென்செக்ஸ் 4,467 புள்ளிகளை எட்டியது. மறுநாள் முறைகேடு பத்திரிகையில் வெளியாயிற்று. ஏப்ரல் 28-இல் ஒரே நாளில் 570 புள்ளிகள் சரிந்தன. 1993 ஏப்ரலில் குறியீடு 2,000-ஐ ஒட்டி நின்றது. பழைய உச்சத்தைக் காண 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஏற்றங்களை மீட்சி என்று நம்பி வாங்கியோர் நட்டமடைந்தனர்.

இதன் உள்ளே இயங்கிய முறையின் பெயர் பட்லா. கணக்கு முடிக்கும் நாளில் பணமில்லாதவர், நிதியளிப்பவருக்கு ஒரு கட்டணம் செலுத்தி, தாம் வாங்கிய பங்கின் பொறுப்பை அடுத்த கணக்குக்குத் தள்ளிவிடலாம். கட்டணம் என்று பெயரிட்டாலும் நம் பார்வையில் அது வட்டியே; பெயர் மாறினால் பொருள் மாறிவிடுமா? இவ்வாறு வாங்கியவரால் சரிவின்போது பொறுத்திருக்க இயலாது. நிதி மறுக்கப்பட்டால் கிடைத்த விலைக்கு விற்றே ஆக வேண்டும். எனவே மறுநாள் விலை நிறுவனத்தின் வருவாயைச் சார்ந்திருக்கவில்லை. யாருடைய கடன் எப்போது கெடுவுக்கு வருகிறது என்பதைச் சார்ந்திருந்தது. அந்தக் கணக்கேடுகளோ வெளியாருக்குத் தெரிபவையல்ல. ஃபிக்ஹு நூல்கள் 'கரர்' என்று குறிக்கும் அறியப்படாமைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

வியப்பாக, அதே ஆண்டு மே 9 முதல் 14 வரை (ஹிஜ்ரி 1412 துல்கஅதா) ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுக் கழகம் பங்குச் சந்தையையே ஆராய்ந்தது. ஆகுமான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை வாங்குவதை அது அனுமதித்தது. ஆனால் பங்கை அடகுவைத்துத் தரகரிடம் வட்டிக் கடன் பெற்று வாங்குவதையும், தன்னிடம் இல்லாத பங்கை விற்பதையும் மறுத்தது. பம்பாயில் நடந்ததைக் கருதியே அம்முடிவு எடுக்கப்பட்டது என நாம் கூறவில்லை. ஆயினும் வீழ்ச்சியை விரைவுபடுத்திய கடன்முறை அதில் சரியாகவே இனங்காணப்பட்டுள்ளது.

செபி 1993 டிசம்பரில் பட்லாவைத் தடை செய்தது. 1996-இல் அது திருத்தங்களுடன் திரும்பிற்று. கேதன் பாரேக் விவகாரத்துக்குப் பின், 2001 ஜூலையில் முற்றாக முடிவுற்றது. கோவைச் சந்தை 2013-இல் விலகிக்கொண்டது. பட்லா விட்டுச்சென்ற இடத்தில் முன்பேர ஒப்பந்தங்கள் வந்தமர்ந்தன. அவற்றில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகச் செபியின் 2024-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது.