பாலாற்றங்கரையில் பழுது தேடியவர்கள்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கில் பரந்து கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், ஆவாரம்பட்டையின் கதையையும், சுண்ணாம்புக் குழிகளின் கதையையும், தோல் கழிவால் நேர்ந்த மாசைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் கதையையும் விரிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அவ்வூர்களை உலகத்தோடு பிணைத்து நின்ற கம்பிகளின் கதையும், அவை பழுதுபட்ட காலத்தில் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அந்தப் பழுதைத் தேடிச் சென்ற மனிதர்களின் கதையும் அவ்வளவு விரிவாகச் சொல்லப்படவில்லை. இன்று ஆம்பூரில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து, நெட் வரவில்லை, வந்தாலும் நகரவில்லை என்று ஒருவர் சலித்துக்கொள்ளும்போது அவருக்கு வேண்டியிருக்கும் வித்தை நேற்று முளைத்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தடத்தில் பயின்று வந்திருக்கும் வித்தை அது. பாதை முழுவதையும் ஒருசேரச் சந்தேகிக்காமல், எந்த இடம்வரையில் அது நன்றாக இருக்கிறது என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அங்கிருந்து அடியெடுத்து வைப்பதே அதன் சாரம்.

சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் ஓடியது. அந்தப் பாதை பின்னர் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே நீண்டு ஜோலார்பேட்டையை எட்டியபோது, தண்டவாளத்தோடு தந்திக் கம்பியும் உடன் சென்றது. 1870-இல் சூயஸிலிருந்து ஏடன் வழியாகப் பம்பாய்க்கும், அதையடுத்துச் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பிகள் இடப்பட்டபின், பாலாற்றங்கரையில் பட்டையில் பதனிட்ட தோல் லண்டன் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் கப்பலுக்குக் காத்திராமல் சென்னைப் பெரியமேட்டு வணிகர்கள் அறிந்துகொள்ள வழி பிறந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று தந்திக்குக் கட்டணம் இருந்தபடியால், ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் வணிகச் சங்கேத நூல்கள் உலகெங்கும் புழங்கின. அப்படிச் சுருக்கிய செய்தியில் ஓரெழுத்து பிறழ்ந்தாலும் சரக்கின் தரமோ விலையோ மாறிப்போகும். ஆகையால் கம்பியின் ஆரோக்கியம் என்பது இப்பிரதேசத்தின் வியாபார ஆரோக்கியத்தோடு ஆதியிலேயே பிணைந்துவிட்டது.

தந்திக் கம்பிக்கு வரும் நோய்கள் மூன்றே. கம்பி அறுந்து போகலாம். மரக்கிளையோ ஈரச் சுவரோ பட்டு மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடலாம். பக்கத்துக் கம்பியோடு உராய்ந்து இரண்டு செய்திகளும் கலந்துவிடலாம். நோய் எதுவென்று அறிந்த பிறகு இடத்தை அறிய வேண்டும். அறுந்த கம்பியானால், காட்பாடியில் இருப்பவர், இடைப்பட்ட ஒவ்வொரு ஸ்டேஷனையும் வரிசையாக அழைத்து, கம்பியை அங்கேயே மண்ணோடு சேர்க்கச் சொல்லித் தம்முடைய கருவியில் முள் அசைகிறதா என்று கவனிப்பார். குடியாத்தம் வரையில் முள் அசைந்து, ஆம்பூருக்கு அசையவில்லையென்றால், அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவில் மட்டும் ஆள் நடந்து போனால் போதும். நூறு மைல் சந்தேகத்தைப் பத்து மைல் நடையாகச் சுருக்கிய இந்த முறையைவிட மேலான ஒன்றை, அதன்பின் வந்த எந்தச் சாதனமும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

சென்னையில் 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது. காலப்போக்கில் மாவட்டத்து ஊர்களுக்கும் டெலிபோன் பரவியபோது, வானத்தில் ஓடிய கம்பி பூமிக்குள் இறங்கியது. காகிதம் சுற்றி ஈய உறையிட்ட கேபிள்களில் நூற்றுக்கணக்கான செம்புச் சோடிகள் நெருங்கிக் கிடந்தன; ஈய உறையில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் மழைநீர் காகிதத்தில் ஊறி ஒரு தெருவே ஊமையாகிவிடும். புதைந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாத அந்த நிலைமையில்தான் கணிதம் துணைக்கு வந்தது. மர்ரே வளையச் சோதனை என்று தொலைத்தொடர்பு ஊழியர்கள் பயின்ற முறையில், பழுதுபட்ட கம்பியின் கடைக்கோடியை அதே கேபிளில் உள்ள ஒரு நல்ல கம்பியோடு முடிந்து வளையமாக்கி, எக்ஸ்சேஞ்சில் மின்தடைகளை ஒப்பிடும் வீட்ஸ்டன் பாலத்தின் இரு கைகளையும் முள் நடுவில் நிற்கும்வரையில் சரிசெய்வார்கள். கேபிளின் நீளம் 3000 மீட்டர் என்றும், பாலத்தின் கைகள் 3-க்கு 1 என்ற விகிதத்தில் சமன்பட்டன என்றும் வைத்துக்கொள்வோம். போகவும் வரவுமாக 6000 மீட்டர் வளையத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து 1500 மீட்டரில் பழுது இருக்கிறது என்று விடை வரும். அங்கே போய்த் தோண்ட வேண்டும். மேஜையின்முன் அமர்ந்தபடியே மண்ணுக்கடியில் உள்ள காயத்தின் தூரத்தை அளந்து சொன்ன இந்தத் திறமையைப் பாமர ஜனங்கள் அறியாமலே போனார்கள்.

தோல் பிரதேசத்துக்கென்று பிரத்தியேகமான ஒரு துன்பமும் உண்டு. உரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சல்பைடிலிருந்தும், தேங்கிய கழிவுநீரிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செம்பைக் கருக்க வைக்கும் சுபாவமுடையது; பச்சைத் தோலைப் பாதுகாக்கத் தூவிய உப்பு கழுவப்பட்டு மண்ணில் சேரும்போது, நிலத்தடி நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதாக மாறுகிறது. ஆதலால் வேறு மாவட்டத்தில் பல்லாண்டு தாங்கக்கூடிய திறந்த ஜாயின்ட் ஒன்று, தொழிற்சாலையின் புறச்சுவரை ஒட்டி, கேபிளின் சோடிகளை வீடுகளுக்குப் பிரித்துவிடும் டி.பி. பெட்டிக்குள் இருந்தால் விரைவில் கருத்துப் பச்சை பூத்துவிடும். பிற்காலத்தில் வந்த ஜெல்லி நிரப்பிய கேபிள்கள் இந்தத் துன்பத்தைப் பெரிதும் தணித்தன. எனினும் வீட்டு வாசல்வரை வரும் டிராப் ஒயரின் முடிச்சுகளுக்கு ஜெல்லியின் பாதுகாப்பு இல்லை.

1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிய, ஆபரேட்டர் இல்லாமல் வெளியூரை நேரே அழைக்கும் எஸ்.டி.டி. வசதி பிற்பாடு வேலூருக்கு 0416 என்றும், ஆம்பூர் வாணியம்பாடிக்கு 04174 என்றும் எண்களைத் தந்தது. 1984-இல் பிறந்த சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் சிறு எக்ஸ்சேஞ்சுகளும், மஞ்சள் பலகை தொங்கிய டெலிபோன் கடைகளும் தூரத்தைச் சுருக்கின. பதனிட்ட தோலை அனுப்பிய ஊர்கள் முழுமையாக முடித்த தோலையும் காலணிகளையும் அனுப்பத் தொடங்கிய காலமும் அதுவே. லண்டன் ஏலத்துக்கு விலை கேட்டால் போதும் என்றிருந்த நிலை மாறி, ஐரோப்பிய வணிகரோடு மாதிரி, அளவு, நிறம் ஆகியவற்றை அன்றாடம் பேசித் தீர்க்க வேண்டிய அவசியம் பிறந்தது.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, அது டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மாநகரங்களின் பாக்கியமாக இருந்தது. வேலூர்க்காரர் அதைத் தொட வேண்டுமானால் சென்னைக்கு எஸ்.டி.டி. அழைப்புப் போட்டு, மோடத்தின் கூவலைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். மோடம் மறுமுனையிலுள்ள மோடத்தோடு பேசி, கம்பியின் இரைச்சலுக்குத் தக்கபடி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் சாதனம். குரலுக்குப் போதுமானதாக இருந்த கம்பி தரவுக்குப் போதாது என்பதை மாவட்டத்து ஜனங்கள் முதன்முதலாக அனுபவத்தில் உணர்ந்தது அப்போதுதான்.

2004-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் என்ற வேகத்தைப் பிராட்பேண்டின் குறைந்தபட்ச இலக்கணமாக வகுத்தது. அடுத்த ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் சேவையைத் தொடங்கியது. பழைய செம்புச் சோடியிலேயே, குரல் செல்லும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு வெகு மேலே உள்ள அலைவரிசைகளில் தரவைச் செலுத்திய ஏ.டி.எஸ்.எல். முறை அது. உயர்ந்த அலைவரிசை செம்பில் விரைவாகத் தேய்ந்துபோகும். எக்ஸ்சேஞ்சுக்கு அண்மையில் குடியிருந்தவருக்கு நல்ல வேகமும், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமையும் வாய்த்ததற்கு அதுவே காரணம். அதில் எவருடைய பாரபட்சமும் இல்லை. குரலையும் தரவையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வைக்காமல் இரண்டாவது டெலிபோனை மாடியில் இணைத்துக்கொண்ட வீடுகளில், மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்தது. எல்லாவற்றிலும் விசித்திரமானது, சோடியில் ஒரு கம்பி அறுந்து டெலிபோன் செத்துப்போனபின்னும், உயர் அலைவரிசை அந்த இடைவெளியைத் தாண்டிச் சென்று, இணையம் மட்டும் தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருப்பது. ஆகையால் விஷயம் அறிந்த லைன்மேன் முதலில் டெலிபோனைக் காதில் வைப்பார். ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தி டயல் ஓசையை அடக்கிவிட்டு, கரகரப்பு உண்டா என்று உற்றுக் கேட்பார். பின்னர் எக்ஸ்சேஞ்சிலுள்ள எம்.டி.எஃப். சட்டம், தெருவோரப் பில்லர், டி.பி. பெட்டி, வீடு என்ற வரிசையில், ஒவ்வொரு படியிலும் மோடத்தைச் செருகிப் பார்ப்பார். குடியாத்தம் வரையில் முள் அசைகிறதா என்று பார்த்த பழைய தந்திக்காரரின் வழியன்றி வேறன்று இது.

பழுது ஊருக்குள்ளேயே இருக்க வேண்டுமென்ற நியதியும் இல்லை. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் மந்தித்தது. அன்று தன் வீட்டு ஒயரை மாற்றியவர் பணத்தை வீணாக்கினார். மறுபுறம், 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில், எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பாட்டரியால் டெலிபோன் உயிரோடு இருக்க, மின்சாரமற்ற வீட்டில் மோடம் அணைந்து கிடந்தது.

இப்போது செம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டது. மின்கம்பங்களின்மேல் தொங்கி வரும் மெல்லிய ஃபைபரில் உப்பும் சல்பைடும் அரிக்கச் செம்பு இல்லை. ஆனால் கூரிய வளைவும், அழுக்குப் படிந்த முனையும், அணிலின் பல்லும் அதற்குப் பகை. ஒரே இழையின் ஒளியை 16 வீடுகளுக்கோ 32 வீடுகளுக்கோ பகிரும்போது, ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் 3 டெசிபல் குறைகிறது. வீட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவே இல்லை என்று பொருள். கருவியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, ஆளை அழைக்க வேண்டும். சிவப்பு எரியாமல் வேகம் மட்டும் குறைந்தால், குற்றம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கணினியை ரௌட்டரோடு ஒயரால் இணைத்துப் பார்ப்பதே முதற் சோதனை. ஒயரில் நன்றாக வந்து வைஃபையில் வராவிட்டால், சுவரோடு சுவர் ஒட்டிய ஆம்பூர்த் தெருக்களில் அண்டை வீட்டு ரௌட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே சானலில் மோதிக்கொள்கின்றனவா என்று பார்த்து, ஒன்றையொன்று தொடாத 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாற்றலாம். ஒயரிலும் மந்தமானால், ரௌட்டருக்கும் அதன்பின் வெளி முகவரி ஒன்றுக்கும் பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அனுப்பி எது தாமதிக்கிறது என்று காணலாம். விடியற்காலையில் விரைந்து, இரவு ஒன்பது மணிக்கு மட்டும் தவழ்ந்தால், அது நெரிசலேயன்றிப் பழுதன்று.

2020-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். ஸ்தாபனத்திலிருந்து 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினர். இரண்டு மாதங்கள் கழியுமுன் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, பள்ளிக்கூடமும் அலுவலகமும் வீட்டுக்குள் நுழைந்தன. வீடுகளுக்குக் கம்பி மிகமிக அவசியமாயிருந்த வேளையில், அந்தக் கம்பியின் நாடியை அறிந்தவர்கள் பணியில் இல்லை. இந்த இழப்பை நான் சாதாரணமாக எண்ணவில்லை. எந்தச் சாலைக்கடியில் எந்த ஜாயின்ட் புதைந்தது, எந்தப் பில்லரில் மழைநீர் புகும் என்பவை வரைபடங்களைக் காட்டிலும் அவர்களுடைய நினைவிலேயே பத்திரமாக இருந்தன.

அவர்களில் பலர் இன்றும் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, பழைய சோதனை மேஜைகளும் பாலக் கருவிகளும் பழைய இரும்புக்குப் போவதற்குமுன் அவற்றுள் சிலவற்றையேனும் காப்பாற்றி வைக்கும்படி இக்கட்டுரை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.