ஒரு கரண்டி மருந்துக்குப் பின்னால்

தென்காசியை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்திருக்கும் அச்சன்புதூரிலும், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, ஆறு மாதத்திற்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கப்படுகிறது. தாய் குழந்தையை இடுப்பில் ஏந்தி வருகிறாள். செவிலியர் சிறு கரண்டியில் எண்ணெய் போன்ற மஞ்சள் நிற மருந்தை ஊற்றி அதன் வாயில் விடுகிறார். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. தாய் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு வீடு திரும்புகிறாள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் அந்தக் கரண்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தாய்மார்களின் பொறுமையும், பல குழந்தைகளின் மரணமும் நிற்கின்றன. அதை அறிந்திருப்பது நம் கடமைகளுள் ஒன்று.

மாலைக்கண் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்த நோய். பொழுது சாயும் வேளையில் குழந்தை வாசற்படியைத் தடவித் தடவி நடந்தால், வீட்டுப் பெரியவர்கள் ஈரலையும் முருங்கைக் கீரையையும் கொடுக்கச் சொன்னார்கள். நோய் முற்றினால் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வை மீளாமற் போகும். இக்கொடுமையைத் தடுக்க இந்திய அரசு 1970-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு வைட்டமின் ஏ என்பதே அத்திட்டம். கண்ணைக் காப்பது ஒன்றே அன்று அதன் நோக்கம்.

உயிரையும் இது காக்கக்கூடும் என்ற எண்ணம் இந்தோனேசியாவில் பிறந்தது. அங்கே பணியாற்றிய அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சாமர், இலேசான மாலைக்கண் உள்ள குழந்தைகள்கூட மற்றவர்களைவிட அதிகமாக இறப்பதைத் தம் ஏடுகளிலிருந்து கண்டுபிடித்து 1983-இல் வெளியிட்டார். பின்னர் அந்நாட்டின் அச்சே பகுதியில் ஏறத்தாழ 450 கிராமங்களில் சோதனை நடந்தது. வைட்டமின் வழங்கப்பட்ட கிராமங்களில் குழந்தை மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 1986-இல் செய்தி வந்தது. உலகம் எளிதில் நம்பவில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களில் எந்த மருந்துமே கொடுக்கப்படவில்லையே, வேறு காரணங்களால் இந்த வேறுபாடு வந்திருக்கலாமே என்று அறிஞர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது.

அதற்கு விடை தேடிய ஆய்வுகளுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது. மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் லைலா ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏயும், அத்துடன் சிறிது வைட்டமின் ஈயும். மறு பிரிவினருக்கு வைட்டமின் ஈ மட்டும். எந்தக் குழந்தைக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கியதைப் போல் தற்செயல் முறையே முடிவு செய்தது. வீடுதேடிச் சென்று மருந்து கொடுத்தவர்களுக்கும் அது மறைக்கப்பட்டிருந்தது. இரு பிரிவையும் ஒரே கைகள் ஒரே அக்கறையுடன் கவனித்தன. ஆகவே வேறுபாடு தோன்றினால் அது மருந்தினால் மட்டுமே தோன்ற முடியும்.

ஓராண்டு முடிவில் 125 குழந்தைகள் இறந்திருந்தார்கள். விபத்துகளை நீக்கினால் 117. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறக்கும் வாய்ப்பு மறு பிரிவில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. அதாவது 54 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும், நெடுநாள் ஊட்டமின்றி வளர்ச்சி குன்றியவர்களுக்கும் இப்பயன் மிகுதியாகக் கிடைத்தது. வயிற்றுப்போக்கும் பிற தொற்றுகளுமே அந்த உயிர்களைப் பறித்தவை. இந்த முடிவு 1990-இல் வெளிவந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த 117 பேரில் பெரும்பாலோர் வைட்டமின் ஏ கிடைக்காத பிரிவைச் சேர்ந்தவர்கள். மருந்து பலன் தரும் என்று முன்பே தெரிந்திருந்தால் அதை அவர்களுக்கு மறுத்தது பாவமாகும். ஆனால் அன்று அது தெரியாது. தெரியாததாலேயே ஆய்வு தேவைப்பட்டது. அறியாமையின் விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் ஏழைகளின் பிள்ளைகள். அவர்கள் பெயரை எந்த நூலும் பதிவு செய்யவில்லை. நம் பிள்ளைகள் வாய்க்கு வரும் கரண்டியில் அவர்களுக்கும் ஒரு பங்குண்டு.

இத்துடன் கதை முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அதே 1990-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் தம் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெரிய அளவில் மருந்து கொடுத்துப் பார்த்ததில் மரணத்தில் வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை. இரு சாராரும் நேர்மையாளர்களே. வாரந்தோறும் சிறிதளவு கொடுப்பதும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. ஊருக்கு ஊர் பசியும் நோயும் மருத்துவ வசதியும் வேறுபடுகின்றன. உலகின் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணித்தபோது, மரணம் சராசரியாக 23 விழுக்காடு குறைவதாக 1993-இல் முடிவாயிற்று. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013-இல் வெளியான மாபெரும் ஆய்வில் அந்தக் குறைவு 4 விழுக்காடு மட்டுமே. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடியது.

பச்சிளங் குழந்தைகளின் கதையும் இத்தகையதே. பிறந்த இரண்டு நாட்களுக்குள் வைட்டமின் ஏ கொடுத்தால் ஆறு மாதத்திற்குள் நேரும் மரணம் 22 விழுக்காடு குறைகிறது என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,619 குழந்தைகளிடம் ஆராய்ந்த அதே மதுரைக் குழுவினர் 2003-இல் அறிவித்தார்கள். ஆயினும் கானா, தான்சானியா, அரியானா ஆகிய மூன்று இடங்களில் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. மருந்து பெற்ற சில சிசுக்களுக்கு உச்சிக்குழி சில நாட்கள் புடைத்து நின்றதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆகவே பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் இதைக் கொடுக்க உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

தாய்மார்களின் நிலை என்ன? நேபாளத்தில் குழந்தை பெறும் வயதுடைய பெண்களுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தபோது பேறுகால மரணம் 40 விழுக்காடு குறைந்தது என்று 1999-இல் வந்த செய்தி பெரும் நம்பிக்கையூட்டியது. கானாவிலும் வங்காளதேசத்திலும் மீண்டும் சோதித்தபோது அந்நன்மை தென்படவில்லை. மேலும், கருவுற்ற தொடக்க மாதங்களில் இந்த வைட்டமினைப் பேரளவில் உட்கொண்டால் கருவுக்கு ஊனம் நேரக்கூடும் என்பதும் அறியப்பட்ட உண்மை. குழந்தைக்கு அமுதமானது கருவுற்ற தாய்க்கு நஞ்சாகலாம். ‘நல்லதுதானே, இவளுக்கும் ஒரு கரண்டி கொடுங்கள்’ என்று கேட்கும் பாசம் புரிகிறது. ஆனால் அளவறியாத பாசம் ஆபத்தானது.

எனவே இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுவே: இரக்கம் மட்டும் போதாது, அந்த இரக்கத்தால் விளைந்தது என்ன என்று எண்ணிப் பார்க்கும் துணிவும் வேண்டும். எண்ணியது தவறென்று தெரிந்தால் அதை ஒப்புக்கொள்ளும் பணிவும் வேண்டும். தம் மண்ணில் நிறுவப்பட்ட முடிவை வேறு மண்ணில் மீண்டும் சோதிக்க விட்டுக்கொடுப்பது அறிவியலுக்குத் தோல்வியாகாது; அது மனச்சாட்சியின் வேலை. இன்று குழந்தைகளின் உணவு மேம்பட்டு வரும் நிலையில், எல்லா ஊர்களுக்கும் இதே அளவு இன்னும் தேவைதானா என்று இந்திய அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அதற்கும் எண்ணித்தான் விடை காண வேண்டும்.

ஒருநாள் நம் வீட்டு வாசலுக்கும் ஓர் ஆய்வாளர் வரலாம். வந்தால் அஞ்சி ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடவும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, குழந்தையை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் இசைவு கட்டாயம். ஏழு வயதைத் தாண்டிய குழந்தையிடமும் அதன் சம்மதம் கேட்கப்பட வேண்டும். விலகிக்கொள்ளும் உரிமை எந்நேரமும் உண்டு. அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. 2009 முதல் நம் நாட்டில் மருந்துச் சோதனைகள் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதும் விதி. எதற்காக இந்த ஆய்வு, என்ன தீங்கு வரலாம், தீங்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

அச்சன்புதூரில் அடுத்த முறை கரண்டி நீளும்போது குழந்தை மீண்டும் முகத்தைச் சுளிக்கும். அந்தத் தாய் செவிலியரிடம், ‘இது எதற்கம்மா?’ என்று கேட்கட்டும். செவிலியரும் நின்று பதில் சொல்லட்டும். திருச்சிக் கிராமங்களில் மாண்டுபோன அந்தச் சிறுவர் சிறுமியர் வாங்கித் தந்த பதில் அது. சொல்லாமல் விடுவது முறையன்று.