ராங் சைடு பைக்கும் 350 வருஷத்துக்கு முந்தைய ஒரு கணக்கும்

இரும்பை மாகாளேஸ்வரரைப் பார்க்க திண்டிவனத்திலிருந்து பைக்கில் கிளம்புறீங்க. புதுச்சேரி நான்குவழிச் சாலை. யூ டர்ன் தூரமா இருக்கேன்னு கொஞ்ச தூரம் மட்டும் ராங் சைடுல போறோம் இல்லையா? அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றித்தான் இந்த இழை.

1644ல் பிரெஞ்சு தத்துவ மேதை டெகார்த் மோதலுக்கு ஏழு விதிகள் எழுதினார். மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த இயக்கம் மாறாது என்றார். அருமையான யோசனை! ஆனா எடையையும் வேகத்தையும் பெருக்கியவர் திசையை விட்டுட்டார். அதனால, சின்னப் பொருள் எவ்வளவு வேகமா வந்து இடித்தாலும், நிற்கும் பெரிய பொருளை அசைக்கவே முடியாது என்று எழுதி வைத்தார். கோலி விளையாடிய எந்தப் பையனும் இதை ஒத்துக்க மாட்டான்.

தப்பைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் டச்சுக்காரர் ஹைகன்ஸ். ஓடும் படகில் ஒருவர் இரண்டு பந்துகளை மோத விடுகிறார், அதையே கரையில் நிற்பவர் பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசித்தே விதிகளைப் பிடித்தார். 1668ல் லண்டன் ராயல் சொசைட்டி இதை விசாரித்தபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் விடை அனுப்பினார்கள். மோதி ஒட்டிக்கொள்ளும் பொருள்களுக்கான கணக்கு வாலிஸுடையது. எதிர்த்திசையில் வருவதைக் கழிக்கணும், அவ்வளவுதான்.

நம்ம ரோட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 1,300 கிலோ. பைக்கும் ஆளும் சேர்த்து 200 கிலோ. இரண்டும் 60 கிமீ வேகம், நேருக்கு நேர்.

1,300 × 60 − 200 × 60 = 66,000. மொத்த எடை 1,500ஆல் வகுத்தால் 44. அதாவது, கார் போன திசையிலேயே இரண்டும் 44ல் நகரும்.

கார்க்காரருக்கு 60லிருந்து 44. மாற்றம் 16 தான். பைக்காரர் 60ல் வந்தவர், 44ல் பின்னோக்கிப் போகிறார். மாற்றம் 104! நிஜத்தில் அவர் பைக்கோடு ஒட்டியிருக்க மாட்டார், தூக்கி வீசப்படுவார். ஆனாலும் அடி பிரிவது இந்த மாதிரிதான். எமர்ஜென்சியில் "எது மேல மோதுச்சு?"ன்னு முதல்ல கேட்கிறது இதுக்குத்தான்.

மண்டை ஓடு சட்டென நின்றாலும் உள்ளே மூளை நகர்ந்துகொண்டே இருக்கும். ஹெல்மெட்டின் நுரை நசுங்கும்போது, தலை நிற்க எடுக்கும் நேரம் கொஞ்சம் நீளுது, விசை குறையுது. அதனால ஸ்ட்ராப்பையும் மாட்டுங்க.

இன்னொரு விஷயம். திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் 18.12.2021 அன்று 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும், அடிபட்டவர் புதுச்சேரிக்காரரா இருந்தாலும் பொருந்தும்.