மகிழ்ச்சி தரும் அன்றாடப் பழக்கங்கள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம்

மகிழ்ச்சி தரும் அன்றாடப் பழக்கங்கள் என்று இங்கே குறிக்கப்படுபவை, பணச் செலவோ தனிப் பயிற்சியோ வேண்டாத, மனிதரை மனிதரோடு சேர்க்கும் சிறு செயல்கள். எதிரே வருபவரைப் பேர் சொல்லி நலம் விசாரிப்பது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, வீட்டுக்கும் பழைய தோழமைகளுக்கும் போன் செய்து பேசுவது, கூட வேலை செய்பவருக்கு ஒரு கை கொடுப்பது, பெற்ற உதவிக்கு வாய்விட்டு நன்றி சொல்வது ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. மகிழ்ச்சியைப் பற்றிய நூல்களும் வகுப்புகளும் பெரும்பாலும் அதைத் தனி மனத்தின் காரியமாகவே சொல்லித்தருகின்றன. மூச்சைக் கவனி, நல்லதை நினை, டைரி எழுது என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் மகிழ்ச்சியோடு மிக உறுதியாகச் சேர்ந்து வருவது பிறரோடு கொள்ளும் உறவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உறவு வளர இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வேண்டும், உட்கார ஓர் இடமும் வேண்டும். ஆகவே இந்தப் பழக்கங்கள் பாதி ஆளின் கையில் இருக்கின்றன. மீதிப் பாதி, அவருடைய நேரத்தை வகுப்பவர் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த உண்மையைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம்.

வட்டாரமும் மக்களும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூர் நெடுங்காலம் இராமானுசர் பிறந்த தலமாகவே அறியப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்தது. 1998இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2007இல் சாம்சங் வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. சுங்குவார்சத்திரம் அருகே ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்தி அனுப்புகிறது. இந்த ஆலைகளின் உற்பத்தி லைன்களில் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் வெளியூர்க்காரர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கமிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் டிப்ளமோவோ பிளஸ் டூவோ முடித்த கையோடு வருகிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். பலருக்கு இது முதல் வேலை. வீட்டைப் பிரிந்து இருப்பதும் இதுவே முதல் முறை. பெண்கள் ஹாஸ்டல்களில் தங்குகிறார்கள். ஆண்கள் படப்பை, மாத்தூர், ஒரகடம் போன்ற ஊர்களில் அறையெடுத்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அம்மா, அக்காள், தெருவார், கோயில் திருவிழா என்று பிறந்த ஊரில் கேட்காமலே கிடைத்த உறவையெல்லாம் இங்கே ஒவ்வொன்றாகத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வாழ்க்கையின் அளவைக் காட்டும் கட்டடத் தொகுதி ஒன்று வல்லம் வடகாலில் இருக்கிறது. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டிய அந்த வளாகத்தை, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர்; மொத்தம் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும்போது தனிமை எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். அந்த ஆறு பேரும் வெவ்வேறு ஷிப்டில் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நைட் ஷிப்டு முடித்து வந்தவர் காலையில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று மற்றவர் விளக்கைப் போடாமல் செல்போன் வெளிச்சத்தில் தலை வாரிக் கிளம்புகிறார். கட்டிலுக்குக் கட்டில் மூன்றடி தூரம்தான், ஆனாலும் பேசிக்கொள்ளப் பொதுவான ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதும் உறவு இருப்பதும் வேறு வேறு.

சான்றுகள்

உறவுக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பை மிக நீண்ட காலம் தொடர்ந்து பார்த்துவருவது, 1938இல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு. ஹார்வர்டு மாணவர்களும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களுமாக 724 பேரை அது முதுமைவரை பின்தொடர்ந்தது. நல்ல உறவுகள் வாய்த்தவர்களே அதிக மகிழ்ச்சியோடும் ஆரோக்கியத்தோடும் முதுமை அடைந்தார்கள் என்பது அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் சொல்லும் முடிவு. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சகாக்களும் 2010இல் 148 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய அந்தத் தொகுப்பில், வலுவான உறவுகள் உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தனிமை, பணக்கார நாட்டு முதியோரின் துன்பம் என்ற எண்ணத்தையும் புதிய சான்றுகள் மாற்றியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகப் பிணைப்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். 13 முதல் 29 வயதுவரை உள்ளோரில் இது 17 முதல் 21 விழுக்காடு. வருமானம் மிகுந்த நாடுகளில் 11 விழுக்காடாக இருக்கும் தனிமை, வருமானம் குறைந்த நாடுகளில் 24 விழுக்காடாக இருக்கிறது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கும் ஒரு தொழில் வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும்.

மகிழ்ச்சியாக இருப்பவருக்கு நண்பர்கள் தாமாகவே சேரலாம் அல்லவா, உறவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பது நியாயம். சோதனை முறையில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ நகரில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு பக்கத்து இருக்கைக்காரரோடு பேச வேண்டும். இன்னொன்று தனியே இருக்க வேண்டும். மற்றொன்று வழக்கம்போல் போகலாம். பேசினால் பயணம் இனிக்காது என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. அதே ஆண்டில் கில்லியன் சான்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும், நெருங்கிய நண்பர்களோடு மட்டுமல்ல, முகப் பழக்கம் மட்டுமே உள்ளவர்களோடு பேசும் நாள்களிலும் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியை உணர்கிறார்கள் என்று காட்டினார்கள். இவர்களின் முடிவுகள் ஒரு பொதுத் தவறை வெளிப்படுத்துகின்றன: மற்றவர் நம்மோடு பேச விரும்ப மாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு எல்லோரும் மௌனமாக இருக்கிறோம். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளும் நாற்பது பேரில் பலர், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் மகிழக்கூடியவர்களே.

தொழிற்சாலைக்குள் கிடைத்த சான்றும் உண்டு. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில், 1927இல் ஆறு பெண்களைத் தனி அறையில் அமர்த்தினார்கள். ஐந்து பேர் தொலைபேசிக்கான ரிலே உறுப்புகளைப் பொருத்த, ஒருவர் பாகங்களை எடுத்துக் கொடுத்தார். ஓய்வு இடைவேளைகளையும் வேலை நேரத்தையும் பலவிதமாக மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி பெரும்பாலும் கூடிக்கொண்டே போனது. அந்த ஆறு பேருக்குள் உருவான தோழமையும், தங்கள் சொல்லைக் கேட்க ஆள் இருக்கிறது என்ற உணர்வுமே காரணம் என்று ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவின் வழிவந்தவர்கள் எழுதினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. ஆறு பேருக்கென்று தனி ஊதியக் கணக்கு வகுக்கப்பட்டதையும், அதிகம் பேசுகிறார்கள் என்று இரண்டு பெண்கள் 1928இல் மாற்றப்பட்டதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இரு தரப்பும் சேர்ந்து தரும் பாடமே முழுமையானது: தோழமை வேலையிடத்தில் மலரும், ஆனால் கூலியிலிருந்தும் அதிகாரத்திலிருந்தும் பிரிந்து மலராது.

பழக்கங்களும் அவற்றுக்கான நேரமும்

இந்தச் சான்றுகளை வட்டாரத்தின் ஒரு நாளோடு பொருத்திப் பார்த்தால், பழக்கங்களுக்கு இயல்பான இடங்கள் மூன்று தெரிகின்றன: கேன்டீன், கம்பெனி பஸ், அறை. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அந்த அரை மணிக்குள் கை கழுவி, வரிசையில் நின்று, தட்டை வாங்கி, சாப்பிட்டு லைனுக்குத் திரும்ப வேண்டும். உட்கார்ந்து சாப்பிட மிஞ்சுவது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களை ஒரே மேசையில், ஒரே ஆள்களோடு, போனை எடுக்காமல் செலவிடுவது ஒரு பழக்கம். கெவின் நிஃபினும் சகாக்களும் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களில் நடத்திய 2015ஆம் ஆண்டு ஆய்வில், சேர்ந்து சாப்பிடும் குழுக்கள் வேலையிலும் சிறந்து விளங்கின. உண்ணும் மேசையில் போன் இருப்பதே சாப்பாட்டின் இன்பத்தைக் குறைக்கிறது என்று 2018இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. பஸ்ஸில் தினமும் ஒரே இருக்கைப் பக்கம் உட்காருவதும், அறையில் ஞாயிறு ஒரு வேளையாவது சேர்ந்து சமைப்பதும், வார லீவில் நான்கு பேராகச் சேர்ந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்வருவதும் இதே வகைப் பழக்கங்கள். இவற்றுள் எதுவும் பெரிய காரியம் இல்லை. திரும்பத் திரும்ப நடப்பதே அவற்றின் வலிமை. லைனையும் ஷிப்டையும் அடிக்கடி மாற்றினால் அந்தத் திரும்புதல் அறுந்துபோகிறது. ஓர் அறையில் இருப்பவர்களுக்கு ஒரே ஷிப்டு என்ற எளிய விதி, எத்தனையோ மனநல வகுப்புகளால் ஆகாததைச் செய்யும்.

மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது. கூலியும் பணிப் பாதுகாப்பும் நல்ல சாப்பாடும் இல்லாத இடத்தில் பழக்கங்களைப் பேசுவது, குறையைத் தொழிலாளி தலையில் கட்டுவதாகாதா? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள்; சக பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தார்கள். அந்தப் பெண்களிடம் நன்றி டைரி எழுதச் சொல்லியிருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். ஆய்வும் இந்த மறுப்பின் பக்கமே நிற்கிறது. ஆக்ஸ்போர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024இல், பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்தார். மனப் பயிற்சி, நலச் செயலி, மன அழுத்த வகுப்பு ஆகியவற்றில் சேர்ந்தவர்களின் நலம், சேராதவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. பிறருக்கு உதவும் தன்னார்வப் பணி மட்டும் விதிவிலக்காக இருந்தது. தனி மனத்தைத் திருத்தும் பயிற்சிகள் பலனின்றிப் போன இடத்தில், பிறரை நோக்கிய செயல் ஒன்றே நன்மையின் அறிகுறி காட்டியது என்பது கவனிக்கத்தக்கது. தோழமை உரிமைக்கு மாற்று ஆகாது. உடன் தங்கியவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க அந்த ஹாஸ்டல் பெண்களைச் சாலைக்கு வர வைத்ததே அந்தத் தோழமைதான். ஆகவே அது உரிமைக்கு எதிரியும் ஆகாது.

இரண்டாவது மறுப்பு, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவருக்குப் பேச்சல்ல, தூக்கமே வேண்டும் என்பது. உண்மை. தூக்கத்தைத் திருடிச் செய்யும் எந்தப் பழக்கமும் மகிழ்ச்சி தராது. அதனால்தான் புதிய நேரம் கேட்காத, ஏற்கெனவே உள்ள சாப்பாட்டு நேரத்திலும் பயண நேரத்திலும் நுழையக்கூடிய பழக்கங்களே இங்கு முதன்மை பெறுகின்றன. வேலை நேரத்தை நீட்டுவது இந்தச் சிறு இடத்தையும் விழுங்கும். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. உறவுக்கான நேரம் என்ற கோணத்திலும் அந்த முடிவு சரியானது.

மூன்றாவது மறுப்பு, போன் இருக்கும்போது உறவுக்கு என்ன குறை என்பது. ஊரில் இருக்கும் தாயோடு தினமும் முகம் பார்த்துப் பேச வைக்கும் கருவி சிறிய வரம் அல்ல. நாம் அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிக்கிறோம் என்று பெக்கி லியூவின் குழு 2022இல் காட்டியது; அழைக்கத் தயங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் காய்ச்சல் வந்த இரவில் வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், வார்டனை எழுப்புவதும் அறையில் இருப்பவரே. நான்காவது, மொழி. தமிழ்ப் பெண்ணும் ஒடியப் பெண்ணும் என்ன பேசிக்கொள்வார்கள்? பேரும், சாப்பிட்டாயா என்ற கேள்வியும், ஒரு புன்னகையும் தொடக்கத்துக்குப் போதும். மீதிச் சொற்கள் லைனில் சேர்ந்து நிற்கும்போது தாமாக வரும்.

மதிப்பீடு

சான்றுகளை மொத்தமாக எடைபோட்டால் முடிவு தெளிவு. பேர் சொல்லி விசாரிப்பதும், சேர்ந்து உண்பதும், கை கொடுப்பதும் உண்மையாகவே மகிழ்ச்சியைக் கூட்டுகின்றன. அவற்றை எந்தத் தொழிலாளியும் இன்றே தொடங்கலாம். அவை நிலைத்து நிற்க, ஷிப்டு அட்டவணை எழுதும் அதிகாரியும், அறை ஒதுக்கும் வார்டனும், கேன்டீன் நேரத்தை வகுக்கும் நிர்வாகமும் ஒத்துழைக்க வேண்டும். அறைத் தோழிகளுக்கு ஒரே ஷிப்டு, உட்கார்ந்து உண்ணப் போதிய நேரம், கட்டாயம் கிடைக்கும் வார லீவு, குறை சொல்ல அச்சமில்லாத சூழல் ஆகிய நான்கையும் நிர்வாகங்கள் தர வேண்டும். தங்கள் பங்காக, தொழிலாளிகள் நாளைக் காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரின் பேரைக் கேட்கட்டும்.