எந்தப் பாடம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?



கல்லூரிக் கதவு நமக்குத் திறந்த வரலாற்றை நாம் அடிக்கடி பேசுகிறோம். உள்ளே நுழைந்தபின் எந்தப் பாடம் நமக்குக் கிடைத்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எழுத்தும் கணக்கும் அங்கே கிடைத்தன. ஆனால் அது தொடக்கக் கல்விதான். பட்டப்படிப்பு வெகுதொலைவில் இருந்தது.

பின்னர் வந்த வகுப்புவாரி அரசாணை, மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 14 இடங்களுக்கு 2 இடங்களை நமக்கு ஒதுக்கியது. அதை எதிர்த்து, மருத்துவப் படிப்பை முன்வைத்துச் செண்பகம் துரைராஜனும், பொறியியலுக்காகச் சி.ஆர். சீனிவாசனும் வழக்குத் தொடுத்தார்கள். செண்பகம் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. ஆயினும் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அவ்வாண்டிலேயே முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவு சேர்ந்தது. வழக்கு எந்தப் படிப்புகளைக் குறித்து நடந்தது என்பதைக் கவனியுங்கள். எதைப் படிக்கிறோமோ அதுதான் வேலையையும் அதிகாரத்தையும் தீர்மானிக்கிறது.

இன்றைய பட்டப்படிப்பைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். முதன்மைப் பாடம் சேர்க்கையின்போதே முடிவாகிவிடுகிறது. உண்மையில் அது பதினோராம் வகுப்பில் 'குரூப்' எடுத்த நாளிலேயே முடிவாகிவிட்டது. அன்று கணிதம் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியலும் இயற்பியலும் பெரும்பாலும் மூடிய கதவுகள். அப்போது அவருக்கு வயது பதினைந்தோ பதினாறோ. வீட்டில் வழி சொல்ல பட்டதாரி யாரும் இல்லை.

விருப்பப் பாடம் என்று ஒன்று உண்டு. ஆசிரியர் இருக்கும் பாடத்தைத்தான் துறை அறிவிக்கும். அந்தச் சிறு பட்டியலுக்குள்தான் நம் விருப்பம்.

அடையாறுக்கு அருகே சென்னை ஐஐடியில் மாணவர்கள் 2014இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தை அமைத்து, வகுப்புக்கு வெளியே படித்தார்கள், விவாதித்தார்கள். 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. போராட்டத்துக்குப் பின் ஜூனில் திரும்பக் கிடைத்தது.

நம் கடமைகள் இரண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு குடியிருப்புகளுக்குப் போய், எந்த குரூப் எந்தப் பட்டத்துக்கு வழிவிடும் என்று பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவோம். கல்லூரிப் பாடத்திட்டக் குழுக்களிடம், அம்பேத்கர் சிந்தனையையும் தலித் இலக்கியத்தையும் விருப்பப் பாடங்களாக்கி, அவற்றுக்கு நிரந்தர ஆசிரியர்களை நியமிக்கக் கேட்போம்.